பறக்கும் ஸ்பெகட்டி பூதமும் உயிரியல் பாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். அமெரிக்காவில் பரிணாமப் பாடத்தை வைத்து நடந்த சண்டையையும், அதில் சிலர் கையில் எடுத்த நையாண்டியையும் பற்றி எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒருமுறை பேசினேன். அன்றிலிருந்து டீக்கடை, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. அது என்ன சார், பறக்கும் நூடுல்ஸ் சாமி?

நூடுல்ஸ் இல்லை, ஸ்பெகட்டி. இத்தாலிக்காரர்கள் சாப்பிடும் நீளமான பாஸ்தா. அதைக் குவித்து வைத்து, நடுவில் இரண்டு இறைச்சி உருண்டை, மேலே தண்டு முளைத்த இரண்டு கண்கள், சுற்றிலும் கைகள் போல நெளியும் இழைகள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் பறக்கும் ஸ்பெகட்டி பூதம்.

இதை உருவாக்கியவர் பாபி ஹெண்டர்சன். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர், அப்போது வயது 24. கான்சாஸ் மாநிலக் கல்வி வாரியத்துக்கு 2005-ல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உலகத்தை இந்தப் பூதம்தான் படைத்தது, அதையும் அறிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுங்கள் என்பது கோரிக்கை. 2006-ல் அதையே ஒரு வேத நூல் பாணியில் புத்தகமாகவும் எழுதினார். யாராவது உண்மையிலேயே கும்பிடுகிறார்களா என்பது அடுத்த கேள்வியாக வரும், தெரியும். அதற்குப் பன்னிரண்டாம் கேள்வி வரை பொறுத்திருங்கள்.

2. கான்சாஸ்ல அப்படி என்னதான் நடந்துச்சு?

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளில் என்ன கற்பிக்கவேண்டும் என்பதற்கான வரையறையை மாநிலக் கல்வி வாரியங்கள் வகுக்கின்றன. கான்சாஸ் வாரியத்தில் பத்து பேர், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள். அதனால் தேர்தலுக்குத் தேர்தல் பரிணாமம் பாடத்துக்குள் வரும், வெளியே போகும். 1999-ல் பெரும்பகுதியைத் தூக்கினார்கள், 2001-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2005 மே மாதம் டொபீகா நகரில் பரிணாமத்தை "விசாரிக்க" ஒரு விசாரணையே நடந்தது. முடிவை முன்பே எடுத்துவிட்டு எதற்கு இந்த நாடகம் என்று அறிவியலாளர்கள் அதைப் புறக்கணித்தார்கள்.

அந்த நவம்பரில் 6-க்கு 4 என்ற ஓட்டில் புதிய வரையறை நிறைவேறியது. அதில் பரிணாமத்தின் மேல் சந்தேகம் கிளப்பும் வரிகள் இருந்தன. அதைவிடப் பெரிய சங்கதி, அறிவியல் என்ற சொல்லின் விளக்கத்தையே மாற்றினார்கள். இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கையான விளக்கம் தேடுவது அறிவியல் என்று முன்பு இருந்தது. அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இந்தக் கதவைத் திறக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஹெண்டர்சனின் பூதம் வாசலில் வந்து நின்றுவிட்டது.

3. படைப்புவாதம்ங்கிறாங்க, நுண்ணறிவு வடிவமைப்புங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா வேற வேறயா?

படைப்புவாதிகளில் கறாரானவர்கள், பைபிளின் ஆதியாகமத்தில் உள்ளது உள்ளபடியே நடந்தது, பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்பார்கள். நுண்ணறிவு வடிவமைப்புக்காரர்கள் நாசூக்கானவர்கள். உயிர்கள் தானாக வந்திருக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை, யாரோ ஓர் அறிவாளி வடிவமைத்திருக்கிறார், அவர் யார் என்று நாங்கள் சொல்லவில்லை என்பார்கள்.

ஏன் சொல்லவில்லை? அமெரிக்க அரசியலமைப்பின்படி அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது. பரிணாமத்தைக் கற்பித்தால் "படைப்பு அறிவியலையும்" சேர்த்தே கற்பிக்கவேண்டும் என்று லூசியானா மாநிலம் சட்டம் போட்டது. 1987-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகுதான் பெயர் மாற்றம்.

இதற்கு எழுத்துச் சான்றே சிக்கியது. பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு, பரிணாமத்தில் ஓட்டைகள் உண்டு, வடிவமைப்பு பற்றி இந்தப் புத்தகத்தில் படியுங்கள் என்று ஓர் அறிவிப்பை வாசிக்கச் சொன்னது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள், நிர்வாகிகள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளைத் தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரெஸ்ட் ஒப்பிட்டுப் பார்த்தார். 1987 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன் "படைப்புவாதிகள்" என்று இருந்த இடங்களில் தீர்ப்புக்குப் பின் "வடிவமைப்பு ஆதரவாளர்கள்" வந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் அவசரத்தில் பழைய சொல்லை முழுதாக அழிக்காமல் புதியதை நடுவில் செருகிவிட்டார்கள். தமிழில் "படைவடிவமைப்பு ஆதரவாளர்வாதிகள்" என்று அச்சானால் எப்படி இருக்கும், அப்படி. பழைய சட்டைமேல் புதுச்சட்டை போட்டவனின் காலர் வெளியே தெரிந்த கதை. எந்த நையாண்டி எழுத்தாளரும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

4. சரி, அந்தக் கடிதத்துல என்னதான் எழுதியிருந்தார்?

முதலில், பல கோணங்களைக் கற்பிப்பதை வரவேற்கிறேன் என்று தொடங்குகிறார். ஆனால் வடிவமைப்பாளர் ஒருவர்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள், எங்களைப் போலப் பலர் பறக்கும் ஸ்பெகட்டி பூதத்தை நம்புகிறோம் என்கிறார். கார்பன் காலக்கணிப்பில் ஒரு பொருள் மிகப் பழையது என்று தெரிகிறதே? அது ஒன்றுமில்லை, விஞ்ஞானி அளக்கும்போதெல்லாம் பூதம் வந்து தன் ஸ்பெகட்டிக் கையால் முடிவை மாற்றிவிடுகிறது.

கடைசியில் கணக்கு: வகுப்பு நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு நுண்ணறிவு வடிவமைப்புக்கு, ஒரு பங்கு ஸ்பெகட்டி பூதத்துக்கு, மீதி ஒரு பங்கு கண்ணால் பார்க்கக்கூடிய ஏராளமான சான்றுகளின் அடிப்படையில் எழுந்த ஊகத்துக்கு. மூன்றாவதுதான் பரிணாமம். கடிதம் முழுக்க ஓரிடத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. மனு எழுதும் குமாஸ்தாவின் முகம்தான். சேர்க்காவிட்டால் வழக்குப் போடவேண்டி வரும் என்ற மிரட்டல்கூட உண்டு.

5. கடற்கொள்ளையர் குறைஞ்சதால வெயில் கூடிடுச்சுன்னு ஒரு படம் வந்துச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அதுவும் இந்தக் கடிதத்தில் வந்ததுதான். 1800-களிலிருந்து கடற்கொள்ளையர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, பூமியின் வெப்பநிலை ஏறிக்கொண்டே வருகிறது, ஆகவே கொள்ளையர் குறைந்ததே வெப்பமயமாதலுக்குக் காரணம் என்று ஒரு வரைபடம் போட்டிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இரண்டு விஷயம் சேர்ந்து நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை ஒரு பீரியட் முழுக்கத் தொண்டை கட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் படம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

பலர் கவனிக்காத ஒரு குறும்பு அதில் உண்டு. கிடை அச்சில் கொள்ளையர் எண்ணிக்கை 35,000, அடுத்து 45,000, அப்புறம் 20,000, 15,000, 5,000, 400, கடைசியில் 17 என்று போகிறது. இடைவெளி மட்டும் சமம், எண்களுக்குள் ஒழுங்கே கிடையாது. கோடு அழகாக மேலே ஏறுவதைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள் அச்சைப் படிப்பதில்லை. செய்முறை நோட்டுகள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன், மாணவர்களும் படிப்பதில்லை.

6. எப்படிப் பார்த்தாலும் இது சாமியைக் கிண்டல் பண்றதுதானே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கோபத்தோடுதான் கேட்பார்கள். கடிதம் போன வாரியத்திலும் இதே பிளவு இருந்தது. மாற்றத்தை எதிர்த்த உறுப்பினர்கள் ரசித்துப் பதில் எழுதினார்கள். மறுபக்கத்திலிருந்து, கடவுளைக் கேலி செய்வது கடுமையான குற்றம் என்று ஒரு பதில் வந்தது.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். கடவுள் இல்லை என்று அந்தக் கடிதம் எங்கும் வாதாடவில்லை. எதிராளி போட்ட விதியை எடுத்து, அதை அப்படியே நேர்மையாகக் கடைப்பிடித்துக் காட்டுகிறது. "சான்று வேண்டாம், யாரோ வடிவமைத்தார் என்று சொன்னால் போதும், அறிவியல் வகுப்பில் இடம் உண்டு" என்பது விதி என்றால், அந்த விதியில் பூதமும் நுழையும். பூதத்தைத் தடுக்க ஒரு காரணம் சொன்னால், அதே காரணம் உங்களையும் தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஒளவை, அவனுடைய படைக்கொட்டிலைப் பார்த்து என்ன சொன்னாள்? உன் வேல்கள் பீலி சூட்டி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். ஒரு வசைச்சொல் இல்லை. வேலின் பளபளப்பே பெருமை என்ற அளவுகோலை அவள் ஏற்றுக்கொண்டது போலப் பேசினாள், அளவுகோல் தானாக உடைந்தது. வஞ்சப்புகழ்ச்சி என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, ஹெண்டர்சன் செய்தது அதன் பங்காளி.

இன்னொன்று. இந்தச் சண்டையைக் கடவுள் நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் நடந்த போராகப் பார்க்காதீர்கள். டோவர் வழக்கில் பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் நியமித்தவர்.

7. ரெண்டு பக்கத்தையும் சொல்லிட்டா என்ன சார் தப்பு? பசங்களே முடிவு பண்ணிக்கட்டுமே.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2005 ஆகஸ்டில் அதிபர் புஷ்ஷும் இதே பொருளில்தான் பேசினார். ஆனால் "இரண்டு" என்ற எண் எங்கிருந்து வந்தது? நாலாவது பதிலில் சொன்ன மூன்று பங்குக் கணக்கு இதற்குத்தான். மூன்றாவது ஆள் வந்தால் மூன்று, நாலாவது ஆள் வந்தால் நாலு. யாரை உள்ளே விடுவது என்று ஏதாவது ஓர் அளவுகோல் வைத்துத்தானே ஆகவேண்டும்?

இதை டோவர் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நேராகவே கேட்டார்கள். வடிவமைப்புத் தரப்பின் முக்கிய சாட்சி, லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி. அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் கொடுத்த தளர்வான விளக்கப்படி சோதிடமும் கோட்பாடாகிவிடுமா என்று வழக்கறிஞர் கேட்டார். ஆகும் என்று ஒப்புக்கொண்டார். ஹெண்டர்சன் ஸ்பெகட்டியை வைத்துக் காட்டியதை, பீஹியே சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டு காட்டிவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பொய்ச் செய்தி எழுதிச் சிரிக்கவைக்கும் ஆனியன் பத்திரிகை, புவியீர்ப்பும் வெறும் கோட்பாடுதான், பொருள்களை ஓர் உயர்ந்த அறிவு கீழே தள்ளுகிறது என்று "நுண்ணறிவு விழுதல்" என்ற புதுக் கொள்கையை அறிவித்தது. இரண்டு பக்கம் வேண்டும் என்றால் இயற்பியலுக்கும் வேண்டுமே.

8. இதுக்கு முன்னாடி யாரும் இப்படிப் பண்ணலையா?

பண்ணினார்கள். ஆனால் ஆரம்பத்தில் கிண்டல் எதிர்த்திசையில் இருந்தது. 1871-ல் ஒரு லண்டன் பத்திரிகை டார்வினின் தாடி முகத்தைக் குரங்கு உடம்பில் ஒட்டிப் படம் போட்டது. இன்றும் எல்லோருக்கும் தெரிந்த படம் அதுதான்.

1925-ல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. ஊருக்கு விளம்பரம் கிடைக்கும் என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து போட்ட திட்டம் அது. விளைவு, திருவிழாக் கூட்டம். பால்டிமோரிலிருந்து வந்த பத்திரிகையாளர் ஹெச். எல். மென்கன் அந்த ஊர் மக்களையே பட்டிக்காட்டு முட்டாள்களாக எழுதித் தள்ளினார். நாடே சிரித்தது. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம், பிறகு மேல்முறையீட்டில் ஒரு நடைமுறைக் குறையால் அதுவும் ரத்து. ஆனால் அந்தச் சட்டம் 1967 வரை இருந்தது, பாடநூல் பதிப்பாளர்களோ பரிணாமத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிக்கொண்டார்கள். மென்கன் அடித்தது ஆட்களை, ஹெண்டர்சன் அடித்தது விதியை. எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு.

ஆங்கிலேயத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தேநீர்க் கூஜாவையும் சேர்த்துக்கொள்ளலாம். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் தொலைநோக்கியில்கூடத் தெரியாத ஒரு கூஜா சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதா என்று 1952-ல் கேட்டார்.

9. ஸ்டீவ்னு பேர் இருந்தா கையெழுத்துப் போடலாம்னு ஒண்ணு சொன்னீங்களே?

வடிவமைப்புக் கொள்கையின் தலைமையகம் சியாட்டிலில் உள்ள டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட். டார்வினைச் சந்தேகிக்கும் விஞ்ஞானிகள் என்று 2001-லிருந்து கையெழுத்துப் பட்டியல் வெளியிட்டு வந்தார்கள். அதற்குப் பதிலாக, பரிணாமக் கல்விக்காக வேலை செய்யும் தேசிய அறிவியல் கல்வி மையம் 2003-ல் ஒரு பட்டியல் தொடங்கியது. பரிணாமத்தை ஏற்கும் விஞ்ஞானிகள் கையெழுத்திடலாம், ஆனால் பெயர் ஸ்டீவ் அல்லது ஸ்டெஃபனி போல அதன் வகையில் இருக்கவேண்டும். மறைந்த உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டின் நினைவாக அந்தப் பெயர். அமெரிக்காவில் சுமார் 100-ல் ஒருவருக்குத்தான் அந்தப் பெயர்கள். அப்படியும் 1,400-ஐத் தாண்டியது, ஸ்டீஃபன் ஹாக்கிங் உட்பட.

அறிவியலில் உண்மையைக் கையெழுத்து எண்ணி முடிவு செய்வதில்லை என்பதே அதன் கிண்டல். பட்டியல் போட்டால் நாங்களும் போடுவோம், அதுவும் ஒரு கையைக் கட்டிக்கொண்டு.

10. இவ்வளவு சிரிச்சீங்களே, இதால ஏதாவது நடந்துச்சா?

நேரான பதில்: டோவரில் ஸ்பெகட்டி பூதத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அங்கே வென்றது ஆவணங்களும் குறுக்கு விசாரணையும். 2005 டிசம்பர் 20 அன்று வந்த 139 பக்கத் தீர்ப்பு, நுண்ணறிவு வடிவமைப்பு அறிவியல் அல்ல, மதக் கருத்து என்றது. அதற்குள் தேர்தலில் ஊர்க்காரர்கள் பழைய வாரியத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்குச் செலவாகப் பத்து லட்சம் டாலர் கட்டியது புது வாரியம். கான்சாஸிலும் ஓட்டுதான் முடிவு செய்தது. 2006 தேர்தலில் பெரும்பான்மை மாறியது, 2007 பிப்ரவரியில் மறுபடி 6-க்கு 4, இந்த முறை எதிர்த்திசையில்.

கிண்டல் வேலை செய்த இடம் என்றால் ஃபுளோரிடாவின் போக் கவுண்டியைச் சொல்லலாம். 2007-ல் ஏழு பள்ளி வாரிய உறுப்பினர்களில் நாலு பேர் வடிவமைப்புக்கு ஆதரவாகப் பேசினார்கள். பூத பக்தர்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன, விஞ்ஞானிகளும் எழுதினார்கள், கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிப்போனது. மின்னஞ்சலால் மட்டும் அடங்கியது என்று சொல்லமாட்டேன்.

டோவர் வழக்கைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடைசி நாளன்று பள்ளி வாரியத்தின் வழக்கறிஞர் எழுந்து, வழக்கு தொடங்கி இன்றோடு நாற்பது நாள், இன்றிரவோடு நாற்பது இரவு, வேண்டுமென்றே செய்தீர்களா என்று நீதிபதியைக் கேட்டார். நோவா காலத்தில் மழை கொட்டியது நாற்பது பகல், நாற்பது இரவு. நீதிபதி சொன்னார்: சுவாரஸ்யமான தற்செயல்தான், ஆனால் வடிவமைப்பு அல்ல.

11. கிண்டல்னு தெரியாம நிஜம்னு நம்பிட்டா?

நம்புவார்கள். 2005-ல் படைப்புவாதம் பற்றிய ஓர் இணைய வாக்குவாதத்தில்தான், நேதன் போ என்பவர் பெயரில் வழங்கும் "போ விதி" பிறந்தது. கண்சிமிட்டும் சிரிப்பு முகமோ வேறு வெளிப்படையான அடையாளமோ இல்லாமல் ஒரு படைப்புவாதியைப் பகடி செய்தால், அதை உண்மை என்று நினைக்க யாராவது ஒருவர் இருப்பார் என்பது அதன் சாரம். ஆறாம் பதிலில் சொன்ன வஞ்சப்புகழ்ச்சிக்கும் இதே ஆபத்து உண்டு. தொண்டைமான் ஒளவையின் பேச்சைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருந்தால் என்ன செய்வது? அதனால்தான் பூதத்துக்கு இறைச்சி உருண்டை தேவைப்படுகிறது.

12. அப்ப அது மதமா, இல்லையா? வடிகட்டியைத் தலையில கவுத்து லைசென்ஸ் வாங்கினாங்களாமே?

2011-ல் ஆஸ்திரியாவில் ஒருவர் பாஸ்தா வடிகட்டியைத் தலையில் வைத்த படத்தோடு ஓட்டுநர் உரிமம் வாங்கினார். முகம் முழுதாகத் தெரிந்ததால் கொடுத்தோம், மத உரிமைக்காக அல்ல என்றது அதிகாரிகள் தரப்பு. நியூசிலாந்தில் இந்த "சபை" சட்டப்படி கல்யாணம் நடத்தி வைக்கிறது, முதல் கல்யாணம் 2016-ல் நடந்தது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு கைதியின் வழக்கில், இது மதம் அல்ல, பகடி என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். 2018-ல் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றமும் மதம் அல்ல என்றது.

ஒரு சிலர் இதை உண்மையாகவே தங்கள் சமூகமாக நினைக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. என் ரசனைக்கு வடிகட்டி கொஞ்சம் சலித்துவிட்டது. கடிதத்துக்கு ஒரு குறி இருந்தது. வடிகட்டியில் வேடிக்கை மட்டும்தான் மிச்சம்.

13. நம்ம நாட்டுல இந்த மாதிரி இருக்கா?

படைப்புவாதத்தை அறிவியல் பாடமாக்கச் சொல்லும் அமெரிக்க பாணி இயக்கம் இங்கே இல்லை. ஆனால் 2018-ல் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். 2023-ல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி காணாமல் போனது தெரியவந்து, 1,800-க்கும் மேற்பட்டோர் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பாடச்சுமையைக் குறைத்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது, ஆனால் உயிரியல் எடுத்தவர்களுக்கு மட்டும். இங்கே யாரும் இரண்டு பக்கம் கேட்கவில்லை, இருந்த ஒரு பக்கமே போய்விட்டது. அதனால் ஹெண்டர்சனின் கடிதத்தை இங்கே நகலெடுத்தால் பொருந்தாது.

14. எங்க பையன் இதையெல்லாம் படிச்சுட்டு, விரதம் இருக்கிற அவன் பாட்டியைப் பார்த்து "ஸ்பெகட்டி பூதமே காப்பாத்து"ன்னு கிண்டல் பண்றான் சார். திட்டவா, விடவா?

திட்டுங்கள். பாட்டி தன் விரதத்தைப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் சேர்க்கச் சொன்னாளா? அவள் யாருக்கும் எந்த விதியும் போடவில்லை, அவளிடம் உடைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆறாவது பதிலை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். மென்கனைப் பற்றி எட்டாவதில் இருப்பதையும் சேர்த்து.

அப்புறம் அந்தக் கொள்ளையர் வரைபடத்தை எடுத்து நீட்டி, கிடை அச்சில் என்ன தப்பு என்று கேளுங்கள். ஐந்தாவது பதிலை மட்டும் முதலிலேயே காட்டிவிடாதீர்கள்.